நிமிடத்தைப் பார்த்துப் பசை வாங்காதீர்கள்

எங்கள் வீட்டு அடுப்புக்கு மேலே விறகுப் பரணைத் தாங்கிய இரும்புத் தட்டுக்கும் கொங்கிரீட் விட்டத்துக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நுழையும் அளவுக்கு இடைவெளி விழுந்திருந்ததை நான் பார்த்தேன். பூட்டும்போது சரியாக அழுத்தாமல் விட்டிருப்பேன் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். அதிலிருந்து ஒன்பதாம் நாள் இரவு இரண்டு மணியளவில் பரண் ஒரு பக்கமாக இறங்கி அடுப்பின் மேல் விழுந்தது. கேத்தல் நசுங்கிப்போனது. அந்த இடத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துதான் என் அம்மா தினமும் பொழுது சாயும் நேரத்தில் தேத்தண்ணி குடிப்பார்.

நான் 31 வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், அதாவது ஸ்டோரில், பிட்டராக இருந்தவன். இப்போது நானுஓயாவில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். உடைந்ததை ஒட்டுவதும் பொருத்துவதும்தான் என் பிழைப்பு. அப்படிப்பட்ட நானே அந்தப் பரணைத் தப்பாகப் பூட்டினேன். அன்றைக்கு விடாத மழை, விறகு நனைகிறது, அங்கர் போல்ட் கைவசம் இல்லை. ஹாட்வெயார் கடையில் போய் நின்றேன். "எத்தனை நிமிஷத்துப் பசை வேணும், பிட்டர் அண்ணே?" என்று கடைப் பையன் கேட்டான். இருப்பதிலேயே வேகமானதைக் கொடு என்றேன். இரண்டு டியூப், ஐந்து நிமிடம். விட்டத்தில் துளை போட்டு, பசையை நிரப்பி, போல்ட்டைச் செருகினேன். அரை மணி நேரத்தில் கையால் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன், அசையவில்லை. பதினொரு கிழமை அப்படியே நின்றது.

விழுந்த போல்ட்டை மறுநாள் காலையில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பசை உடைந்திருக்கவில்லை. சூட்டில் இளகிய ரப்பர் போல இழுபட்டு நீண்டிருந்தது. துளைக்குள்ளிருந்து ஒரே நாளில் கழன்று வந்ததல்ல அது. பதினொரு கிழமையும் மயிரிழை மயிரிழையாக இறங்கி வந்திருக்கிறது. நான் பார்த்த தீக்குச்சி இடைவெளி அந்த இறக்கத்தின் கணக்கு. அதை எனக்கு வாசிக்கத் தெரியவில்லை.

இதே காரியம் அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில் ஓர் உயிரைக் குடித்திருக்கிறது. 2006 ஜூலை 10ஆம் திகதி இரவு, அங்குள்ள பெருஞ்சாலைச் சுரங்கப்பாதை ஒன்றின் கூரைப் பலகைகள், ஏறக்குறைய 26 தொன் கொங்கிரீட், ஓடிக்கொண்டிருந்த காரின் மேல் விழுந்தன. காரில் இருந்த பெண் இறந்துபோனார். அந்தப் பலகைகளைத் தாங்கிய போல்ட்டுகள் கூரைத் துளைகளில் இரு பாகப் பசையால்தான் ஒட்டப்பட்டிருந்தன. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை ஒரு வருடம் விசாரித்து 2007இல் அறிக்கை கொடுத்தது. பசையில் வேகமாக இறுகும் வகை, சாதாரணமாக இறுகும் வகை என்று இரண்டு இருந்தன. அங்கே போயிருந்தது வேகமான வகை. விடாமல் இழுக்கும் பாரத்துக்கு அது மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். விபத்துக்குப் பல வருடம் முன்பே, 1999இல், சில போல்ட்டுகள் கீழே இறங்கியிருந்ததைக் கண்டிருக்கிறார்கள். திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

படித்த பொறியியலாளர்கள் கண்ட இடைவெளியும், நானுஓயாவில் ஒரு பிட்டர் கண்ட இடைவெளியும் ஒன்றுதான். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடையில் கேட்கப்படும் முதல் கேள்வியே தப்பு. எத்தனை நிமிடத்தில் ஒட்ட வேண்டும் என்பதல்ல கேள்வி. எதோடு எதை ஒட்டப்போகிறோம், பாரம் எந்தப் பக்கம் இழுக்கிறது, எப்போதாவது இழுக்கிறதா எந்நேரமும் இழுக்கிறதா, அங்கே எவ்வளவு சூடு வரும், தண்ணீர் படுமா? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் டியூபில் கை வைக்க வேண்டும். என் பரணுக்கு இந்தக் கேள்விகளைக் கேட்டிருந்தால் பதில் பசையே அல்ல. இரண்டு டியூபில் வரும் சாதாரண எப்பொக்சிப் பசைகள் 50, 60 பாகை சூட்டுக்கு மேல் இளகத் தொடங்கிவிடும். அடுப்புக்கு நேர் மேலே எந்நேரமும் தொங்கும் பாரத்தை அதில் விட்டது என் பிழை. இப்போது விட்டத்தை ஊடறுத்துப் போல்ட் போட்டு, மறுபக்கம் தட்டு வைத்து நட் இறுக்கியிருக்கிறேன்.

இரண்டு டியூபில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒன்றில் ரெசின், மற்றதில் ஹாட்னர். தனித்தனியே வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். கலந்தால் ஒன்றின் கையை மற்றது பிடித்துக்கொண்டு நாலா பக்கமும் வலை பின்னிக்கொள்ளும். பின்னி முடிந்த வலையைத் திரும்பப் பிரிக்க முடியாது. இதற்குப் பொருள் என்னவென்றால், அளவு தப்பினால் கை கோர்க்க ஆளில்லாமல் சில மிச்சமாகிவிடும். ஹாட்னரைக் கூடப் போட்டால் சீக்கிரம் இறுகும், உறுதியாக இறுகும் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பேர் நம்புகிறார்கள். எப்பொக்சியில் அது நேர் எதிராக முடியும். கூடிப்போன ஹாட்னர் உள்ளேயே கிடந்து பசையை மெதுமெதுப்பாக்கும், தண்ணீரை இழுக்கும்.

இந்த எப்பொக்சிப் பிசினை முதலில் ஆராய்ந்தவர்களில் ஒருவர், சுவிற்சர்லாந்தில் பல்வைத்தியப் பொருட்கள் செய்யும் கம்பனியில் வேலை பார்த்த பியர் கஸ்தான். பல்லுக்குத் தேடியது உலோகத்தை ஒட்டப் போய்ச் சேர்ந்தது. 1946இல் ஆரல்டைட் என்ற பெயரோடு சந்தைக்கு வந்தது. அதற்கு முன்பே இங்கிலாந்தில், கேம்பிரிட்ஜுக்குப் பக்கத்து டக்ஸ்ஃபோர்டில், நோர்மன் டி புரூன் என்பவர் விமானங்களுக்கான பசைகளைச் செய்துகொண்டிருந்தார். இரண்டாம் உலகப் போரில் பறந்த மொஸ்கிற்றோ விமானம் மரத்தால் ஆனது. முதலில் அதைப் பாலிலிருந்து எடுத்த பசையால் ஒட்டினார்கள். ஈரமான கீழைத்தேய நாடுகளில் அந்தப் பசை தாங்கவில்லை. பிறகு அவருடைய பசைதான் அந்த இடத்துக்கு வந்தது. ஒரு பலகையில் பிசின், மறு பலகையில் இறுக்கும் திரவம் என்று அதுவும் இரு பாகம்தான்.

இனி நன்றாக நின்ற ஒரு வேலையைச் சொல்கிறேன். எங்கள் ஊருக்கு அருகே பிளக்பூல் பக்கத்தில் தையல் வேலை செய்யும் ஓர் அக்கா, கால் மெஷினின் வார்ப்பிரும்புக் கால் உடைந்ததென்று தூக்கிக்கொண்டு வந்தார். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்வது எளிதல்ல. முன்கூட்டிச் சூடேற்றி, பதமாக ஆறவிடத் தெரியாதவன் கை வைத்தால் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு ஓடும். யாரோ ஏற்கெனவே உடைந்த இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பசை போட்டிருந்தார்கள். அது இரண்டு நாளில் விட்டுவிட்டது. விடத்தான் செய்யும். பசை, பக்கவாட்டில் இழுக்கும் பாரத்தைத் தாங்கும். ஸ்டிக்கரை மூலையில் பிடித்து உரிப்பது போல உரித்தால் தாங்காது. சோதனைக்கூடத்தில் நன்றாகத் துப்பரவாக்கிய இரும்பின் மேல் நல்ல எப்பொக்சி ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 200 கிலோ வரை பக்கவாட்டில் தாங்குகிறது. அதே பசையை ஓர் ஓரத்திலிருந்து உரித்துப் பாருங்கள், கையாலேயே வந்துவிடும். ஆகவே ஒட்டு வேலையில் பாதி, பசையைத் தொடும் முன்பே முடிந்துவிடுகிறது. மூட்டினை எப்படி அமைப்பது என்பதுதான் அந்தப் பாதி.

நான் மூன்று மில்லிமீற்றர் இரும்புத் தட்டு ஒன்றை வெட்டி, உடைவுக்கு இரு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் மேவி நிற்கும்படி வளைத்துக்கொண்டேன். பழைய பெயின்றையும் துருவையும் சுரண்டிவிட்டு, இத்தனை வருடமாக ஊறிய மெஷின் எண்ணெயை அசிட்டோனில் துடைத்தேன். ஒரு துணியால் ஒருதரம்தான் துடைக்க வேண்டும்; அதே துணியைத் திருப்பிப் போட்டால் எடுத்த எண்ணெயையே திரும்பப் பூசுகிறீர்கள். பிறகு எமரித் தாளால் பளபளப்புப் போகும் வரை தேய்த்து, மறுபடி துடைத்தேன். அதற்குப் பிறகு செய்ததைத்தான் பட்டறைக்கு வரும் பொடியன்கள் எல்லாருக்கும் காட்டுகிறேன். சுத்தமான தண்ணீர் ஒரு சொட்டை இரும்பின் மேல் விட்டேன். சேம்பிலையில் நிற்பது போல உருண்டு நின்றது. எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். திரும்பத் துடைத்தேன், திரும்பத் தேய்த்தேன். மூன்றாம் முறை சொட்டு விழுந்ததும் தட்டையாகப் படர்ந்து, ஈரத் திட்டாக ஓடிப் பரவியது. தண்ணீர் படர்கிற இடத்தில் பசையும் படரும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை விட நல்ல சோதனை பட்டறையில் கிடையாது. அக்காவும் பக்கத்தில் நின்று பார்த்தார். "கோலம் போட முந்தி வாசல் தெளிக்கிற மாதிரி" என்றார்.

தண்ணீரை உலர்த்தி, இரும்பைக் கைச்சூட்டுக்குக் காய்ச்சிக்கொண்டு, மெதுவாக இறுகும் வகையில் இரண்டு டியூபிலிருந்தும் ஒரே நீளத்துக்குக் கோடு இழுத்தேன். பழைய பேணி மூடியில் மூன்று நிமிடம், ஓரத்தை வழித்து வழித்து, நிறம் ஒன்றாகும் வரை கலக்கினேன். இரண்டு பக்கமும் மெல்லப் பூசிப் பொருத்தி, கிளாம்ப்பை அளவாக இறுக்கினேன். அதிகம் இறுக்கினால் பசை முழுவதும் பிதுங்கி வெளியே வந்துவிடும், நடுவில் ஒட்ட எதுவும் இருக்காது. பிறகு என் சூட்டுப் பெட்டிக்குள் வைத்து மூடிவிட்டேன். அக்கா அன்றைக்கே கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். பாடசாலை வெள்ளைச் சட்டைகளுக்கு ஓடர் எடுத்திருந்தார். இரண்டு நாள் பொறுக்கச் சொன்னேன். அந்த மெஷின் ஒன்பது வருடமாக ஓடுகிறது.

அந்தப் பெட்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானுஓயாவில் அது இல்லாமல் ஒட்டு வேலை இல்லை. எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1600 மீற்றருக்கு மேலே இருக்கிறது. மார்கழி, தை மாதக் காலையில் 10 பாகைக்குக் கீழே இறங்கும் நாட்கள் உண்டு. பசைப் பெட்டியில் அச்சடித்திருக்கும் நேரம் 23, 25 பாகை வெப்பத்துக்கான நேரம். வெப்பம் 10 பாகை குறைந்தால் இறுகும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். கொழும்பில் ஒரு நாளில் இறுகுவது இங்கே இரண்டு, மூன்று, சில மாதங்களில் நாலு நாள் எடுக்கும். இன்னும் குளிரானால் பாதியில் நின்றே போகும். தொட்டால் கல் மாதிரி இருக்கும், உள்ளே வலை பின்னி முடிந்திருக்காது. இது தெரியாமல்தான் எங்கள் ஆட்கள் வேகமான பசையைத் தேடிப் போகிறார்கள். குளிருக்கு மருந்து சூடு. மூடிய டியூபைக் கொஞ்ச நேரம் இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைக்கலாம். ஒட்டிய பிறகு நான் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றில் 40 வாட் குண்டு பல்பு பூட்டி, உள்ளே வைத்து மூடிவிடுகிறேன். ஓரத்தில் தகரம் அடித்த அந்த ஒட்டுப்பலகைப் பெட்டிகளை இன்றைய பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள், இப்போது தேயிலை கடதாசி உறைகளில் போகிறது. காலி அருகே கிந்தோட்டைத் தொழிற்சாலையில் முன்பு அவற்றைச் செய்தார்கள். என் பெட்டியின் பலகை எத்தனையோ மழை கண்டும் இன்னும் ஏடு ஏடாகப் பிரியவில்லை. அதுவும் பசையின் வேலைதான்.

குளிரை விடப் பொல்லாதது பனி. பத்து மணிக்குப் பட்டறைக் கதவைத் திறந்தால் மூட்டம் உள்ளே வந்து இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஈரமாகப் படியும். அந்த ஈரத்தின் மேல் பூசினால் பசை தண்ணீரில்தான் ஒட்டும், இரும்பில் ஒட்டாது. ஈரம் விமானத்தையும் விட்டுவைக்கவில்லை. 1988 ஏப்ரல் 28ஆம் திகதி ஹவாய்த் தீவுகளில் ஒரு போயிங் 737 விமானத்தின் மேற்கூரை, 18 அடி நீளத்துக்கு, பறந்துகொண்டிருக்கும்போதே பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு இறந்தார். தகடுகள் மேவும் இடத்தில் ரிவெட்டோடு பசையும் வைத்திருந்தார்கள். ஈரம் புகுந்து பசை விட்டது, துருப் பிடித்தது, பாரம் முழுவதும் ரிவெட்டுத் துளைகளுக்குப் போய் வெடிப்பு ஓடியது. குளிரூட்டியில் வைத்த பசைப் படலத்தை எடுக்கும்போது அதன் மேல் நீர் பூப்பதும் அந்தக் காலத்து ஒட்டுகள் சரியாக ஒட்டாததற்கு ஒரு காரணமாகக் கண்டார்கள். எங்கள் பனிக் காலையில் கண்ணாடிச் சன்னலில் பூக்கும் அதே நீர்தான்.

ஈரக் குளிரில் இறுகிய எப்பொக்சியின் மேல் சிலவேளை மெழுகு தடவியது போலப் பிசுபிசுப்பு வரும். அதன் மேல் இரண்டாம் தடவை பூசினால் நிற்காது. சுடுதண்ணீரில் கழுவித் துடைத்து, தேய்த்துவிட்டுப் பூச வேண்டும்.

எப்பொக்சி மட்டும்தான் என்றில்லை. இரு பாக அக்ரிலிக் பசை லேசான எண்ணெய்ப் பிசுக்கைப் பொறுக்கும், பல பிளாஸ்டிக்குகளில் நன்றாக ஒட்டும். நாற்றம் தலையைப் பிடிக்கும், தீப்பற்றும், காற்றோட்டம் வேண்டும். பொலியூரித்தேன் வளைந்து கொடுக்கும், அதிர்வுக்கு நல்லது, ஆனால் ஈரம் பட்டால் நுரைக்கும்.

சில வேலைகளைப் பசை என்ற பெயரில் யார் கேட்டாலும் நான் செய்வதில்லை. மருந்து தெளிக்கும் தோள் தாங்கி வெடித்துவிட்டதென்று கொண்டுவருகிறார்கள். அது பொலித்தீன் வகைப் பிளாஸ்டிக். வாளி, தண்ணீர்த் தாங்கி எல்லாம் அந்த இனம்தான். கடையில் கிடைக்கும் எப்பொக்சி அதில் பிடிக்காது. மேலே ஒரு தகடு போல இறுகி நிற்கும், இரண்டு நாளில் உரிந்து வரும். தண்ணீர்த் தாங்கி ஒழுகினால் தரை நனையும். மருந்துத் தாங்கி ஒழுகினால் களைநாசினி ஒரு மனுசனின் முதுகில் வடியும். அதைச் சூடு காட்டி அதே பிளாஸ்டிக்கால் உருக்கி ஒட்டத் தெரிந்தவனிடம் கொண்டுபோங்கள், அல்லது மாற்றுங்கள். தோட்ட நிர்வாகங்களுக்கும் இதையே சொல்கிறேன்: வெடித்த தாங்கியை ஒட்டித் திரும்பக் கொடுக்காதீர்கள்.

முச்சக்கர வண்டித் தம்பி ஒருவர் பிரேக் சூவின் லைனிங் கழன்றுவிட்டது, ஒட்டித் தாருங்கள் என்று வந்தார். லைனிங்கை ஒட்டுவது உண்மைதான். ஆனால் அது தொழிற்சாலையில் அழுத்தமும் சூடும் கொடுத்து இறுக்கும் வேறு பசை. இறக்கத்தில் பிரேக் பிடித்துப் பிடித்து வரும்போது அங்கே ஏறும் சூட்டில் டியூப் பசை கூழாகிவிடும். விபத்துக்குப் பெயர் போன ரதெல்ல குறுக்குப் பாதையில் அந்த வண்டி பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இறங்கும். புது சூ வாங்கக் காசில்லை என்றார். நான் கொஞ்சம் கொடுத்தேன், மிச்சத்தைக் கடனாகக் கடையில் சொல்லி வாங்கிக் கொடுத்தேன்.

ஸ்டோருக்குள்ளும் அப்படித்தான். ட்ரையருக்குள் போகும் காற்று 90 பாகைக்கு மேலே. அந்தப் பக்கம் சாதாரணப் பசையோடு போகவே கூடாது. ரோலர் மேசையிலும் கொழுந்து படும் எந்த இடத்திலும் பூச எனக்கு மனம் வராது. அரைகுறையாகக் கலந்த பிசின் தேயிலையில் ஏறினால் யார் பதில் சொல்வது?

கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். விரலால் கலக்குகிறார்கள். தின்னரில் கை கழுவுகிறார்கள். தின்னர் பிசினைத் தோலுக்குள் இன்னும் ஆழமாகத்தான் கொண்டுபோகும். எப்பொக்சி தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது ஒருதரம் வந்துவிட்டால் வாழ்நாளுக்கும் விடாது. என்னோடு வேலை பழகிய ஒருவருக்கு இன்றைக்கும் பசை டியூபைத் திறந்த இடத்தில் நின்றாலே கண்ணிமை வீங்கும். அவர் தொழிலையே மாற்ற வேண்டி வந்தது. கையுறை போடுங்கள். பட்டுவிட்டால் துணியால் துடைத்து, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

இவ்வளவும் இரகசியமல்ல. பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் எத்தனை பங்கு, எத்தனை பாகை, எதில் ஒட்டாது, கையில் பட்டால் என்ன செய்வது என்று பெரும்பாலும் எழுதித்தான் இருக்கிறது. என் அலுமாரியில் இன்று ஏழு வகைப் பசைப் பெட்டிகள் இருக்கின்றன. ஏழிலும் ஆங்கிலம் இருக்கிறது. சிலவற்றில் கடல் கடந்த நாட்டு மொழிகள் ஐந்தாறு இருக்கின்றன. ஒன்றில்கூடத் தமிழ் இல்லை. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாவது திருத்தத்தோடு தமிழும் இலங்கையில் அரச கரும மொழியானது. ஒரு தோட்டத்துப் பிள்ளை பிட்டர் வேலைக்கு வரும்போது அவன் கைக்கு வரும் தாள் மட்டும் இன்னும் அவன் மொழிக்கு வரவில்லை. அதனால் அவனுக்குக் கடைப் பையன் சொல்லும் நிமிடக் கணக்கு மட்டும்தான் தெரிகிறது. எனக்கும் அன்றைக்கு அது மட்டும் போதுமென்று தோன்றியது, அதற்கு மேல் வாசிக்க எனக்கு யாரும் பழக்கவில்லை.

பசை இறக்குமதி செய்கிறவர்களிடம் கேட்கிறேன்: பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் அரைப் பக்கத் தாள் வையுங்கள். நுவரெலியா, ஹட்டன் பக்கத்துத் தொழிற்பயிற்சி நிலையங்களிடம் கேட்கிறேன்: வெல்டிங் வகுப்போடு இரண்டு நாள் ஒட்டு வேலையும் படிப்பியுங்கள், தண்ணீர்ச் சொட்டிலிருந்து தொடங்குங்கள். ஹாட்வெயார் கடைக்காரர்களே, நிமிடத்தைக் கேட்கும் முன் என்ன வேலைக்கு என்று கேளுங்கள். தமிழ்த் தாளை எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். அதற்குக் காசு வேண்டாம்.